அப்பா எழுதிய தாளும் மகன் அளந்த நிலமும்

பிலடெல்பியாவில் உள்ள பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தில் பெஞ்சமின் வெஸ்ட் வரைந்த பெரிய ஓவியம் ஒன்று இருக்கிறது. டெலவேர் ஆற்றங்கரை, கிளை பரப்பிய ஓர் எல்ம் மரம், அதனடியில் கைகளை விரித்தபடி நிற்கும் பருத்த மனிதர். அவர்தான் வில்லியம் பென். பக்கத்தில் அவருடைய குவேக்கர் நண்பர்கள், எதிரில் லெனாப்பே பழங்குடித் தலைவர்கள். ஒரு துளி இரத்தம் சிந்தாமல் ஒரு நாடு கைமாறுகிறது. பீங்கான் தட்டு, படுக்கை விரிப்பு, பள்ளிப் புத்தகம் என்று இந்தப் படம் ஏறாத பொருள் அமெரிக்காவில் குறைவு.

படத்தில் பிழைகள் உண்டு. 1682இல் பென்னுக்கு வயது 38. படத்தில் இருப்பவர் ஐம்பதைத் தாண்டியவர். உடைகள் இரண்டு தலைமுறை பிந்தியவை. சாக்கமாக்சன் என்ற அந்த இடத்தில் அப்படி ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டதற்கு ஆவணமே கிடைக்கவில்லை; சந்திப்பு நடந்தது என்பது செவிவழி மரபு. இதெல்லாம் ஓவியனுக்கு உரிய சலுகை என்று விட்டுவிடலாம். விட முடியாத ஒன்று, 1771 வாக்கில் காசு கொடுத்து இந்தப் படத்தை வரையச் சொன்னவரின் பெயர். அவர் வில்லியமின் மகன் தாமஸ் பென். ஒன்றரை நாள் நடையைக் காட்டி, ஏறத்தாழ 1,200 சதுர மைல் நிலத்தை அதே லெனாப்பே மக்களிடமிருந்து பறித்தவர்.

தந்தை தருமவான், மகன் பேராசைக்காரர் என்று ஆளுக்கொரு தட்டில் வைத்துவிட்டு நகர்வது எளிது. அப்படித்தான் பலரும் நகர்ந்திருக்கிறார்கள். ஆனால் இருவரும் உட்கார்ந்தது ஒரே நாற்காலி. ஆளுகையும் நிலவுடைமையும் ஒருவரிடமே சேர்ந்த விசித்திரமான நாற்காலி. வரி போடும் அதிகாரியும் அவரே, வாரம் வாங்கும் பண்ணையாரும் அவரே. அந்த நாற்காலி இருவரையும் என்ன செய்தது என்று பார்த்தால் தட்டுகள் அவ்வளவு சுலபமாகப் பிரிவதில்லை.

நாற்காலி கிடைத்த கதை கடனில் தொடங்குகிறது. வில்லியமின் தந்தை, அவர் பெயரும் வில்லியம்தான், ஆங்கிலக் கடற்படைத் தளபதி. 1655இல் ஜமைக்காவைப் பிடித்த படையை நடத்தியவர்களுள் ஒருவர். அரசர் இரண்டாம் சார்லஸ் அந்தக் குடும்பத்துக்கு 16,000 பவுன் பாக்கி வைத்திருந்தார். தளபதி 1670இல் இறந்தார். பத்து ஆண்டு கழித்து மகன் பணத்துக்குப் பதிலாக அமெரிக்காவில் நிலம் கேட்டார். 1681 மார்ச் 4ஆம் தேதி சாசனம் கையெழுத்தானது. ஏறத்தாழ 45,000 சதுர மைல். அரசருக்கு ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய திறை இரண்டு பீவர் தோல். தங்கமோ வெள்ளியோ கிடைத்தால் ஐந்தில் ஒரு பங்கு. கையில் காசில்லாத அரசருக்கு இதைவிட மலிவாகக் கடன் தீர்க்க வழி கிடைத்திருக்காது. அவர் கொடுத்தது அவருடையதும் இல்லை.

மாகாணத்துக்குப் பெயர் வைத்த கதையும் சுவையானது. வில்லியம் முதலில் விரும்பியது புதிய வேல்ஸ் என்ற பெயர், அது மறுக்கப்பட்டபோது காட்டைக் குறிக்கும் சில்வேனியா. அரசர் முன்னால் பென் என்று சேர்த்தார், தளபதியின் நினைவாக. ஊரார் இதைத் தற்பெருமை என்பார்களே என்று கூசிய வில்லியம், செயலாளரின் உதவியாளருக்கு இருபது கினி தருவதாகச் சொல்லிப் பார்த்தார். பெயர் மாறவில்லை. லஞ்சம் பலிக்காமல் போனதை நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவரே ஒளிக்காமல் சொல்கிறார். எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போகும் இடங்களில் இதுவும் ஒன்று.

இளமையில் அவர் பட்ட பாடு தனிப் புத்தகத்துக்கு உரியது. ஆக்ஸ்போர்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். அயர்லாந்தில் அப்பாவின் பண்ணைக் கணக்கைப் பார்க்கப் போனவர் 1667இல் குவேக்கராகிவிட்டார். குருமார் இல்லாத, சத்தியம் செய்யாத, ஆயுதம் எடுக்காத, எவருக்கும் தொப்பியைக் கழற்றாத சபை அது. தளபதியின் மூத்த மகன் அதில் சேர்ந்தால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். லண்டன் கோட்டைச் சிறையில் மாதக்கணக்கில் இருந்தார். 1670இல் தெருவில் போதித்ததற்காக அவரை விசாரித்த வழக்கில், குற்றவாளி என்று சொல்ல மறுத்த ஜூரிகளையே நீதிபதிகள் பட்டினி போட்டுச் சிறைக்கு அனுப்பினர். அந்த ஜூரிகள் தொடர்ந்த மறுவழக்கில்தான், தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்கக் கூடாது என்ற விதி ஆங்கிலச் சட்டத்தில் நிலைபெற்றது. ஆக, அதிகாரத்தின் மறுபக்கத்தை உடம்பில் வாங்கிய ஒருவர் அதிகார நாற்காலிக்கு வருகிறார்.

தாமஸுக்கு அந்தப் பயிற்சி கிடைக்கவில்லை. அவர் பிறந்தது 1702இல், வில்லியமின் இரண்டாம் மனைவி ஹன்னாவுக்கு. நினைவு தெரியும் வயதில் வீட்டில் அவர் கண்டது கடன்காரர்களையும் நோயாளித் தந்தையையும். 1712இல் பக்கவாதம் வந்து வில்லியமின் அறிவு மங்கியது. அதன்பின் இங்கிலாந்தில் இருந்தபடி மாகாணத்தை நடத்தியவர் ஹன்னாதான். தாமஸை லண்டனில் ஒரு ஜவுளி வணிகரிடம் தொழில் பழக அனுப்பினார்கள். கஜக்கோலும் கணக்குப் புத்தகமும் அவருக்குக் கிடைத்த கல்லூரி. வெஸ்ட்டின் ஓவியத்தில் நடுநாயகமாக ஒரு வணிகர் மண்டியிட்டு விரித்துக் காட்டும் வெள்ளைத் துணி இருக்கிறதே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஜவுளிக்கடைப் பையன்தான் நினைவுக்கு வருகிறான்.

இருவரும் நிலத்தை எப்படி விற்றார்கள் என்பதைப் பார்ப்போம். வில்லியம் தொடக்கத்தில் 5,000 ஏக்கரை 100 பவுனுக்குக் கொடுத்தார். அதற்குமேல் 100 ஏக்கருக்கு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கட்டுக்குத்தகை. நிலம் விற்றபின்னும் உடையவருக்குக் காலாகாலத்துக்கும் செலுத்தவேண்டிய சிறு தொகை அது. ஏறத்தாழ 600 பேர் முதல் சுற்றில் வாங்கினர். வெட்டித் திருத்தும் ஒவ்வொரு ஐந்து ஏக்கரிலும் ஒரு ஏக்கர் மரங்களோடு விடப்பட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். குடியேறியவர்களுக்கும் லெனாப்பே மக்களுக்கும் வழக்கு வந்தால் ஆறு பேர் இந்தத் தரப்பு, ஆறு பேர் அந்தத் தரப்பு என்று பன்னிருவர் தீர்க்கவேண்டும் என்றும் எழுதினார். 1681இல் எழுதப்பட்டது என்பதை நினைவில் வைத்துப் படித்தால் இதன் எடை தெரியும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லண்டனில் விற்பனை தொடங்கியபோது லெனாப்பே மக்களிடமிருந்து அவர் ஒரு காணி நிலம்கூட வாங்கியிருக்கவில்லை. முதல் கிரயம் 1682 ஜூலை 15ஆம் தேதிதான் முடிந்தது. அதையும் அவருக்கு முன்னே போன உறவினர் வில்லியம் மார்க்கம் முடித்தார். விலையாகக் கொடுத்த பொருள்களின் பட்டியல் நீளமானது: சிப்பி மணிச் சரங்கள், 20 கம்பளி, 20 துப்பாக்கி, 40 கோடரி, 40 மண்வெட்டி, 200 கத்தி, கத்தரிக்கோல், சீப்பு, கை நிறையத் தூண்டில்முள், கை நிறைய ஊசி, புகையிலை, ரம். முதலில் விற்று, பிறகு வாங்கினார். வாங்காமலே விற்ற மற்றவர்களோடு ஒப்பிட்டால் இது பெரிய நேர்மை. ஆனாலும் வரிசை அதுதான். லெனாப்பே மக்கள் தாம் கொடுத்ததாக நினைத்தது அந்த நிலத்தில் கூடவே இருந்து பிழைக்கும் உரிமையை. பென் வாங்கியதாக நினைத்தது மற்றவரை வெளியேற்றும் உரிமையை. ஒரே பத்திரத்தில் இரண்டு பொருள் இருந்தது. பென் உயிரோடிருந்தவரை அந்த வேறுபாட்டை யாரும் பலவந்தமாகத் திறந்து பார்க்கவில்லை.

அவர் அந்த மக்களை மதித்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத அளவுக்கு லெனாப்பே பேச்சைக் கற்க முயன்றார். 1683இல் வணிகர் சங்கத்துக்கு எழுதிய கடிதத்தில் அவர்களுடைய உணவு, ஈமச்சடங்கு, சபை கூடும் முறை எல்லாவற்றையும் ஆர்வத்தோடு விவரிக்கிறார். அந்தக் காலத்துப் பத்திரங்களில் தூரத்தைச் சங்கிலியால் அளக்கவில்லை. ஓர் ஆள் இத்தனை நாளில் நடக்கும் தூரம், குதிரை இத்தனை நாளில் போகும் தூரம் என்றே எழுதினார்கள். நடுவில் உட்கார்ந்து புகை பிடித்து, ஓடையில் தண்ணீர் குடித்து, பேசிக்கொண்டு நடக்கும் நடையாக அதை இரு தரப்பும் எடுத்துக்கொண்டனர். இந்த நடையைத்தான் பின்னால் மகன் வேறு விதமாகப் பயன்படுத்தப் போகிறார்.

அதற்குமுன் தந்தையின் கணக்குப் புத்தகம். நல்ல மனிதர், மோசமான பண்ணையார். கட்டுக்குத்தகையை யாரும் ஒழுங்காகக் கட்டவில்லை. மேரிலாந்தின் பால்டிமோர் பிரபுவோடு எல்லைத் தகராறு. அதைத் தீர்க்க 1684 ஆகஸ்டில் இங்கிலாந்து திரும்பியவரால் பதினைந்து ஆண்டு மீண்டும் அங்கே போகவே முடியவில்லை. அரசர் இரண்டாம் ஜேம்ஸின் நண்பர் என்பதால், அந்த அரசர் பதவி இழந்த 1688க்குப் பின் ராஜதுரோகப் பழி வந்தது. 1692இல் மாகாணமே பறிபோய் 1694இல் திரும்பி வந்தது. இரண்டு பயணமும் சேர்ந்து அவர் அமெரிக்காவில் வாழ்ந்தது நான்கு ஆண்டுக்கும் குறைவு. சிலையாக நிற்பதுதான் அதிக காலம்: பிலடெல்பியா நகரமன்றத்தின் உச்சியில் 37 அடி உயரத்தில் 1894 முதல் நிற்கிறார்.

அவரை உண்மையில் வீழ்த்தியவர் சொந்தக் காரியஸ்தர், பிலிப் ஃபோர்ட். அவரும் குவேக்கர். 1682 ஆகஸ்டில் 'வெல்கம்' கப்பல் ஏறும் அவசரத்தில், கடனுக்கு ஈடு என்று ஃபோர்ட் நீட்டிய தாள்களில் பென் கையெழுத்துப் போட்டார். பிறகும் போட்டார். படித்துப் பார்க்கும் பழக்கம் இல்லை. வட்டிக்கு வட்டி ஏறியது. ஒரு கட்டத்தில் தாளின்படி மாகாணம் முழுவதும் ஃபோர்டுக்குச் சொந்தம். பென் அதை அவரிடமிருந்து வாடகைக்கு எடுத்தவர். ஃபோர்ட் இருந்தவரை இது வெளியே வரவில்லை. அவர் 1702இல் இறந்ததும் மனைவி பிரிட்ஜெட் வழக்குப் போட்டார். 1708இல், 63 வயதில், பென்சில்வேனியாவின் உடைமையாளர் கடனாளிச் சிறைக்குப் போனார். நண்பர்கள் பணம் திரட்டி 7,600 பவுனுக்கு வழக்கை முடித்து அவரை மீட்டார்கள். 1718 ஜூலை 30ஆம் தேதி இறந்தபோது, உலகின் பெரிய நிலப்பரப்புகளுள் ஒன்றுக்குச் சொந்தக்காரரான அவரிடம் ரொக்கம் இல்லை.

அந்த வீட்டில் வளர்ந்த பையன்தான் தாமஸ். அப்பாவின் நற்பெயர் அவருக்குச் சோறு போடவில்லை. இதைச் சொல்லாமல் அவருக்குத் தீர்ப்பு எழுதுவதை நான் நியாயமாக நினைக்கவில்லை.

1732 ஆகஸ்டில் அவர் பிலடெல்பியா வந்து இறங்கியபோது ஊரே திரண்டு வரவேற்றது. வந்த வேகத்தில் நில விலையை 100 ஏக்கருக்கு 10 பவுனிலிருந்து 15 பவுன் 10 ஷில்லிங்குக்கு உயர்த்தினார். கட்டுக்குத்தகை ஏக்கருக்கு அரைப் பென்னி. பழைய பாக்கிகளைத் தோண்டி எடுத்தார். ஒன்பது ஆண்டு, அதாவது தந்தையைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக, அங்கேயே இருந்து கணக்குப் பார்த்தார். மேற்பார்வை இல்லாத நிலம் கெடும் என்று நம் பெரியவர்கள் சொல்வதை அவர் எங்கோ கற்றிருந்தார். ஆனாலும் கடன் அடையவில்லை. நல்ல நிலமெல்லாம் போய்விட்டது. மிச்சமிருந்தது டெலவேரும் லீஹை ஆறும் கூடும் இடத்துக்கு மேலே, லெனாப்பே மக்கள் வாழ்ந்த பகுதி. 1735இல் 1,00,000 ஏக்கரை லாட்டரிச் சீட்டில் விற்கும் திட்டம்கூடப் போட்டார். சீட்டு சரியாக விற்கவில்லை. வாங்காத நிலத்தை விற்கும் பழக்கம் குடும்பத்தில் இருந்தது. அப்பா விற்றதும் ஓடிப்போய் வாங்கினார் என்பது வித்தியாசம்.

இங்கே மூன்றாவது மனிதர் ஒருவர் வருகிறார். ஜேம்ஸ் லோகன், 1699இல் வில்லியம் தன்னோடு அழைத்து வந்த செயலாளர். லத்தீன், கிரேக்கம், கணிதம் கற்றவர், காலனியின் மிகச் சிறந்த நூலகங்களுள் ஒன்றை வைத்திருந்தவர். அப்பாவுக்கும் மகனுக்கும் அவரே காரியஸ்தர். டர்ஹம் என்ற இடத்தில் இருந்த இரும்பு உலையில் அவருக்குப் பங்கு இருந்தது. உலைக்குக் காடு வேண்டும், காடு லெனாப்பே நிலத்தில் இருந்தது. ஃபோர்ட் எசமானனை ஏமாற்றிய காரியஸ்தர் என்றால், லோகன் எசமானனுக்காக ஏமாற்றிய காரியஸ்தர். பென் குடும்பத்தின் கதை உடையவர்களின் கதையாகச் சொல்லப்படுகிறது. எனக்கென்னவோ அது காரியஸ்தர்களின் கதையாகத்தான் படுகிறது.

1686இல் லெனாப்பே முன்னோர் வில்லியமுக்கு நிலம் எழுதிக் கொடுத்ததாக ஒரு பத்திரத்தின் நகலைத் தாமஸும் லோகனும் எடுத்து நீட்டினர். குறிப்பிட்ட இடத்திலிருந்து ஓர் ஆள் ஒன்றரை நாளில் நடக்கும் தூரம் வரை என்பது அதன் வாசகம். மூலத்தைக் காட்டவில்லை. நூடிமஸ் முதலிய தலைவர்களோடு இதைப் பற்றிப் பேசிய கூட்டங்களுள் ஒன்று, 1735இல், பென்ஸ்பரியில் நடந்தது. வில்லியம் டெலவேர் கரையில் ஆசையாகக் கட்டிய பண்ணை வீடு அது. அங்கேதான் பழைய தலைவர்கள் அவரோடு உட்கார்ந்து விருந்துண்டார்கள். அதே கூரையின் கீழே மகன் அப்பாவின் பெயர் போட்ட தாளை விரித்தார். அவ்வாண்டு ஏற்கெனவே ஆட்களை விட்டு ஒத்திகை நடை பார்த்து, எவ்வளவு கிடைக்கும் என்று கணக்கும் போட்டாயிற்று.

லெனாப்பே தலைவர்களுக்கு ஒரு வரைபடம் காட்டினார்கள். அதில் இருந்த லீஹை ஆற்றை, தெற்கே உள்ள தோஹிக்கன் ஓடை என்று நினைக்கும்படி, நடை ஒரு சிறு பகுதிக்குள் முடிந்துவிடும் என்று தோன்றும்படி கோடுகள் இருந்தன. 1737 ஆகஸ்ட் 25ஆம் தேதி நான்கு தலைவர்கள் ஒப்புதல் குறி இட்டார்கள். புரியாத தாளில் கையெழுத்திட்டதில் நூடிமஸும் வில்லியம் பென்னும் ஒரே வரிசை. ஒருவருக்கு எழுத்துத் தெரியாது, மற்றவருக்கு எல்லாம் தெரியும் என்பதைத் தவிர.

செப்டம்பர் 19, விடியற்காலை. ரைட்ஸ்டவுன் குவேக்கர் கூடத்தின் அருகே ஒரு மரத்தடியில் மூன்று பேர் தயாராக நின்றனர்: எட்வர்ட் மார்ஷல், ஜேம்ஸ் யேட்ஸ், சாலமன் ஜென்னிங்ஸ். அதிக தூரம் போகிறவருக்கு 5 பவுனும் 500 ஏக்கரும் பரிசு என்று பேச்சு. வழியில் புதர் வெட்டிப் பாதை போட்டிருந்தார்கள். ஷெரீப் குதிரையில் கூட வந்தார். சாப்பாடும் படுக்கையும் குதிரையில் வந்தன. சாட்சிக்கு வந்த லெனாப்பே ஆட்கள், நடக்கச் சொன்னால் ஓடுகிறீர்களே, உட்காரவே மாட்டீர்களா என்று சலித்துக்கொண்டு பாதியில் திரும்பிப் போனார்கள். ஜென்னிங்ஸ் முதல் நாளே விலகினார். யேட்ஸ் மறுநாள் விழுந்தார், சில நாளில் இறந்தார். மார்ஷல் மட்டும் மறுநாள் நண்பகல்வரை போய், ஏறத்தாழ 65 மைலைத் தொட்டார். இன்று ஜிம் தார்ப் என்று பெயர் கொண்ட ஊருக்கு அருகே.

நடை அத்தோடு முடிந்தது, ஏமாற்று முடியவில்லை. நடை முடிந்த இடத்திலிருந்து டெலவேர் ஆற்றுக்கு ஒரு கோடு இழுக்க வேண்டும். நேராகக் கிழக்கே ஆற்றைத் தொடும்படி இழுத்திருந்தால் பாதிதான் கிடைத்திருக்கும். நில அளவையர் நடைத்திசைக்குச் செங்குத்தாக, வடகிழக்கே சாய்த்து இழுத்தனர். அந்தக் கோட்டைக் கடந்து ஆற்றை அடைய அவர்களுக்கே நான்கு நாள் பிடித்தது. ஒன்றரை நாள் நடையின் எல்லைக்கோடு நான்கு நாள் நடை! மாகாணத்தின் பத்திரக்காரர்கள் எவரும் இதில் கணக்குப் பிழை காணவில்லை. மார்ஷலுக்குச் சொன்ன 500 ஏக்கர் வரவே இல்லை. இருபது ஆண்டு கழித்து லெனாப்பே வீரர்கள் அவர் மனைவியைக் கொன்று பழி தீர்த்துக்கொண்டார்கள்.

லெனாப்பே மக்கள் நகர மறுத்தார்கள். 1742இல் பிலடெல்பியாவில் கூடிய சபையில், பென் ஆட்கள் இராக்வாய் கூட்டமைப்பின் பேச்சாளரான கனசாட்டேகோவைக் கொண்டு அவர்களை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தி வெளியேறச் சொல்ல வைத்தார்கள். தாமஸ் அதற்கு முந்தைய ஆண்டே இங்கிலாந்து போய்விட்டார். அங்கிருந்து 34 ஆண்டு, சாகும்வரை, கடிதம் வழியாக மாகாணத்தை நடத்தினார். 1746இல் அண்ணன் ஜான் இறந்தபோது அவர் பங்கும் வந்து சேர, நான்கில் மூன்று பாகம் தாமஸுக்கு. 1751இல் ஒரு பிரபுவின் மகள் லேடி ஜூலியானாவை மணந்தார். குவேக்கர் சபை போய் ஆங்கிலத் திருச்சபை வந்தது. 1760இல் ஸ்டோக் பார்க் என்ற மாளிகையை வாங்கினார்.

மகனைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும். பிலடெல்பியா நூலகச் சங்கத்துக்கு மின்சாரக் கருவித் தொகுதி ஒன்றை அனுப்பியவர் அவர். பெஞ்சமின் பிராங்க்ளின் அதைக்கொண்டு சோதனை செய்தார். அங்குள்ள கல்லூரிக்கும் தாமஸ் கொடுத்தார். அதேபோல் தந்தையின் குறையையும் சொல்ல வேண்டும்: அடிமை விஷயத்தில் அவரை உயர்த்திப் பேசுகிறவர்கள் பென்ஸ்பரிக் கணக்கைப் பார்ப்பதில்லை. வில்லியம் அடிமைகளை வைத்திருந்தார். ஒப்பந்தக் கூலிகளைவிடக் கறுப்பர்கள் மேல், உயிரோடிருக்கும்வரை நம்மிடம் இருப்பார்கள் என்று 1685இல் தம் பண்ணைக் கண்காணிப்பாளருக்கு எழுதினார். 1688இல் ஜெர்மன்டவுன் குவேக்கர்கள் அடிமை முறைக்கு எதிராக எழுதிய மனு, அவருடைய சொந்த மாகாணத்திலிருந்தே வந்தது. 1701இல் எழுதிய உயிலில் விடுதலை தருவதாகச் சொன்னார். பிறகு எழுதிய உயிலில் அந்த வரி இல்லை.

இருவரையும் எனக்குத் தெளிவாகப் பிரித்துக் காட்டும் இடம் 1758இல் லண்டனில் நடந்த ஒரு சந்திப்பு. அதன் பின்னணி போர். 1755இல் பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்து லெனாப்பே வீரர்கள் எல்லைக் குடியிருப்புகளைத் தாக்கத் தொடங்கினர். மறு ஆண்டு ஈஸ்டனில் நடந்த பேச்சுவார்த்தையில் அவர்கள் தலைவர் டீடியஸ்கங், தரையைக் காலால் மிதித்து, இந்த நிலமே மோசடியால் பறிக்கப்பட்டது என்றார். படைக்கு வரி போட வேண்டும். நிலவுடைமையாளரான பென் குடும்பம் தங்கள் நிலத்துக்கு வரி கட்டமாட்டோம் என்றது. மாகாணப் பேரவை 1757இல் பிராங்க்ளினை லண்டனுக்கு அனுப்பியது. தங்கள் பேரவைக்கு முழு உரிமை உண்டு என்பதற்கு வில்லியம் 1701இல் தந்த உரிமைச் சாசனத்தை பிராங்க்ளின் எடுத்துக் காட்டினார். தாமஸ் சொன்ன பதிலின் சாரம்: அரசர் அப்பாவுக்குக் கொடுக்காத அதிகாரத்தை அப்பா எப்படி உங்களுக்குக் கொடுக்க முடியும்? அப்படியானால் அதை நம்பி வந்தவர்கள் ஏமாந்தவர்களா என்று பிராங்க்ளின் கேட்க, அரச சாசனம் ரகசியமில்லையே, அவர்கள் படித்துப் பார்த்திருக்க வேண்டும் என்றார் தாமஸ். உயிரோடிருக்கும் எவரிடமும் தனக்கு இவ்வளவு வெறுப்பு வந்ததில்லை என்று பிராங்க்ளின் ஊருக்கு எழுதினார். அந்தக் கடிதத்தின் நகல் சுற்றிச் சுற்றித் தாமஸ் கைக்கே வந்து சேர்ந்தது வேறு கதை.

ஜவுளிக்கடைக் கணக்கு எனக்குப் புரிந்தது இங்கேதான். மூலமே காட்டாத 1686 பத்திரம் அப்பா பெயரில் உள்ளது, ஆகவே லெனாப்பே மக்களைக் கட்டும். மூலம் பத்திரமாகப் பேரவையில் இருந்த 1701 சாசனமும் அப்பா பெயரில் உள்ளதுதான், ஆனால் மகனைக் கட்டாது. வில்லியம் தாளைப் படிக்காமல் கெட்டார். தாமஸ் ஒவ்வொரு தாளையும் கவனமாகப் படித்து, எது செல்லும் எது செல்லாது என்று தானே முடிவு செய்தார். தந்தை விட்டுச்சென்ற நம்பிக்கைதான் ஒன்றரை நாள் நடையைச் சாத்தியமாக்கியது. பென் என்ற பெயர் தாளில் இல்லையென்றால் நான்கு தலைவர்களும் குறி இட்டிருப்பார்களா என்பது ஐயமே. சுதந்தரித்த சொத்தில் அந்த நம்பிக்கையைத்தான் மகன் முதலில் செலவழித்தார். செலவழித்து முடித்த பிறகு, முப்பத்து நான்கு ஆண்டு கழித்து, அதன் படத்தை வரையச் சொன்னார். பென் குடும்பத்துக்குப் பதிலாக அரச ஆட்சி கேட்டுப் பேரவையிலிருந்து மனுக்கள் போய்க்கொண்டிருந்த காலம் முடிந்த கையோடு, நாங்கள் மரத்தடியில் வாங்கியவர்கள் என்று உலகுக்கு நினைவூட்ட அது உதவியிருக்கும்.

தாமஸ் 1775 மார்ச் 21ஆம் தேதி இறந்தார். லெக்சிங்டனில் அமெரிக்க விடுதலைப் போரின் முதல் துப்பாக்கி வெடிக்க ஒரு மாதம்கூட இல்லை. 1779இல் புதிய பென்சில்வேனிய அரசு குடும்பத்தின் விற்காத நிலத்தை எடுத்துக்கொண்டு 1,30,000 பவுன் ஈடு கொடுத்தது. ஒரு கடனுக்காகக் கொடுத்ததை இன்னொரு கடனாக வாங்கிக்கொண்டார்கள்.

லெனாப்பே மக்களில் பலர் ஓஹையோ, இந்தியானா, கன்சாஸ் என்று தள்ளித் தள்ளி ஓக்லஹோமா போய்ச் சேர்ந்தார்கள். 1738இல் பென் குடும்பம், மோசஸ் டுண்டா டாட்டமி என்ற லெனாப்பே மொழிபெயர்ப்பாளருக்கு அந்த நடையில் பறித்த நிலத்திலிருந்து 315 ஏக்கரை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தது. 2004இல் டெலவேர் நேஷன் அந்த 315 ஏக்கரைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006இல், மோசடி நடந்தது என்றே வைத்துக்கொண்டாலும், உடைமையாளரான தாமஸ் பென் பழங்குடி உரிமையை முடித்துவைத்தது முடிந்ததே என்று தள்ளியது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்தது. அந்த இடத்தில் இப்போது குழந்தைகள் படம் வரையும் கிரேயோலா மெழுகு வண்ணக்குச்சித் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கிறது.